பிரைட்டன் பெயருக்கு வந்த பெட்டிகள்

கோட்டாறு கம்போளச் சந்தைக்குப் பின்னால் ஒரு கூரியர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் என்று சொல்வது என் ஆசைக்கு. ஒரு ஷட்டர், ஒரு எடை மிஷின், எப்போது பார்த்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், அப்புறம் நான். பெயர் ஞானதாசன். பெயரில் உள்ள ஞானம் ஆளிடம் இல்லை என்பது என் வீட்டுக்காரியின் தீர்ப்பு. முன்கோபக்காரன் என்றும் சொல்வார்கள். கோபம் வருகிற மாதிரி ஊர் நடந்துகொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

சொல்ல வந்தது ரெஜிலாவைப் பற்றி. ஆனால் ரெஜிலாவைத் தெரிவதற்கு முன்பே எனக்குப் பிரைட்டன் என்ற பெயரைத் தெரியும். கல்கத்தா, புனே, ஜெய்ப்பூர், நான் வரைபடத்தில் தேடிப் பார்த்த அஸ்ஸாம் ஊர்கள் என்று எங்கெங்கோ இருந்து அந்தப் பெயருக்குப் பெட்டிகள் வரும். ‘உடையும் பொருள், பழைய வீடியோ கேம்’ என்று மேலே எழுதியிருக்கும். பிரைட்டனோ சவூதியில் தம்மாமில் ஏசி ரிப்பேர் கம்பெனியில் இருந்தான். பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போடுவது அவன் பெண்டாட்டி. கையில் எப்போதும் ஏதாவது ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அடுப்படிக் காயம் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்தேன்.

அது ஈயப்பற்று வைக்கிற சூட்டுக்கோல் பட்ட காயம். அந்தப் பெட்டிகளை எல்லாம் திறந்து சரிசெய்தது அவள்தான்.

ரெஜிலாவுக்கு ஊர் அருமனை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் காயப்பட்டுப்போகும், குறைந்தால் பால் வராது. அந்தக் கை இவளுக்கும் வந்திருந்தது. மார்த்தாண்டம் பக்கம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தாள். சர்ட்டிபிகேட் கைக்கு வந்த வருஷமே கல்யாணமும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் படித்த பெண்களின் சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் எடுத்து அடுக்கினால் பத்மநாபபுரம் கோட்டைக்கு இன்னொரு சுற்றுச்சுவர் கட்டலாம். மாப்பிள்ளை கல்ஃப்காரன் என்றதும் வீட்டில் யாரும் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. கோட்டாற்றில் ஒரு வாடகை வீட்டில் அவளை வைத்துவிட்டு அவன் பிளேன் ஏறினான்.

வருஷத்துக்கு ஒருமுறை கார்கோ பெட்டி வரும். கம்பளி, சோப்பு, பால்பொடி, தைலம். பிரைட்டனுக்கு அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் வாங்குகிற கிறுக்கு உண்டு. அப்படி வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் கம்பளிக்குள் சுருட்டி அனுப்புவான், ஊரில் விற்றுவிடலாம் என்று. ஒன்றும் ஓடாது. எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பொழுது போகாமல் ஒருநாள் ரெஜிலா ஒன்றைத் திறந்தாள்.

அவை இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய பெட்டிகள். டிவியில் மாட்டி, சிடி போட்டு விளையாடுவது. உள்ளே ஒரு லென்ஸ் உண்டு, அதுதான் சுற்றுகிற சிடியைப் படிக்கும். வயசானால் நமக்குக் கண் மங்குகிற மாதிரி லென்ஸும் மங்கிவிடும், பல்சக்கரம் தேய்ந்துவிடும். பெட்டியின் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் சிடியைச் சுற்றுகிற இந்த டிரைவ் செத்தால் பெட்டி செத்தது. இப்போது அதற்கு மாற்று வந்திருக்கிறது. அந்த டிரைவை முழுசாகக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உள்ளங்கை அளவு ஒரு போர்டை மாட்டுவது. போர்டில் ஒரு மெமரி கார்டு, கார்டில் விளையாட்டுகள் எல்லாம். பெட்டிக்கு ஆள் மாறியதே தெரியாது. கேட்டது கிடைத்தால் அது பாட்டுக்கு ஓடும். இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள், எடை போடும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த மாதிரி முழுசுக்கும் தலையாட்டினேன்.

கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எல்லாம் ஓடவைத்த பிறகு, வெளியாட்களின் பெட்டிகளையும் செய்து கொடுக்கலாம் என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினாள். அங்கேதான் பெயர் கேட்டார்கள். பெண் பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரிப்பேர் கேட்டு ஒருத்தன் வந்தால் ‘ஹாய்’ சொல்ல ஒன்பது பேர் வருவார்கள். அதனால் புருஷன் பெயரைப் போட்டாள். படத்துக்கு அவன் புல்லட்டில் சாய்ந்து நிற்கிற போட்டோ. அவனிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றானாம். எங்கள் பக்கத்தில் ஒழுங்கான குடும்பத்துப் பெண் அப்படித்தான் செய்வாள். வீட்டு வரி, கரண்ட் பில், கோயில் வரி எல்லாம் ஆண்பிள்ளை பெயரில் இருக்கும்போது சூட்டுக்கோல் மட்டும் பெண் பெயரில் இருக்குமா?

ஆக, ஊர் உலகத்துக்கு அவள் ‘பிரைட்டன் ப்ரோ’ ஆனாள். போன் வந்தால் எடுக்கமாட்டாள். ‘தொண்டை சரியில்லை ப்ரோ, மெசேஜ் போடுங்க’ என்று எழுதுவாள். இந்தியா முழுக்க எத்தனையோ பேர் பிரைட்டனுக்குத் தொண்டையில் ஏதோ பெரிய வியாதி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ராஜஸ்தானில் இருந்து சூரணம் அனுப்பினான். அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வேலையில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. கழற்றிய பழைய டிரைவை எறியமாட்டாள். பபிள் கவரில் சுற்றிப் பெட்டியோடு திருப்பி அனுப்புவாள். செத்தது எதற்கு, எடை கூடுமே என்று கேட்டால், “அவங்களுக்க பொருள்லா அண்ணே, நம்ம எறிய நமக்கு என்ன அதிகாரம்?” என்பாள். டிரைவ் போன பிறகு அதன் மோட்டார் தின்ற கரண்ட்டைத் தின்ன ஆளில்லாமல் சப்ளை போர்டு சூடேறும் என்று, அதற்கு ஒரு சின்னச் சாமானைக் கூடுதலாகப் பற்றவைப்பாள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் போட்டோ எடுத்துப் பெட்டிக்காரனுக்கு அனுப்புவாள். கூடவே, ‘இன்னிக்கு இவ்வளவு முடிஞ்சுது. சாப்பிட்டாச்சா ப்ரோ?’ என்று எழுதுவாள். எங்கள் ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் நாங்கள் அதைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அப்படிப் பெட்டி அனுப்பியவர்களில் ஒருவன் ஆதர்ஷ். பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரக் குடும்பம், இவன் புனேயில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதில் அவனும் அவன் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபுட்பால் ஆடிச் சண்டை போட்ட பெட்டி அது. டிரைவ் போய்விட்டது என்று புனேயில் இருந்து அனுப்பினான். பெட்டி இங்கே வந்து சேர்ந்த வாரம் அப்பா விழுந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவனும் வந்து அங்கே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், என் பெட்டி எதுவரை ஆயிற்று என்று ப்ரோவைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆட்டம் ஆடவேண்டும் என்று எழுதினான். இவளும் தினமும் போட்டோ போட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். பெட்டி ஓடத் தொடங்கிய அன்றைக்கு அப்பா போய்விட்டார். இதை எனக்குச் சொன்னபோது அவள் முகம் அவள் வீட்டிலேயே சாவு விழுந்த மாதிரி இருந்தது. ‘மிஷின் இங்க பத்திரமா இருக்கு. அவசரமில்ல. மனசு கேக்கும்போது சொல்லுங்க’ என்று அவனுக்கு எழுதியிருந்தாள். கொஞ்ச நாள் கழித்து அவன் புனே முகவரி கொடுத்தான், நான் அனுப்பிவைத்தேன். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது.

இதற்கிடையில் பிரைட்டனின் கம்பெனி ஆளைக் குறைத்தது. அவன் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினான். முதல் ஒரு மாதம் நெய்மீன், கோழி, விருந்து. அதன்பிறகு கல்ஃப்காரன் வெறும் ஆளாகிவிட்டால் ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்க்கத் தொடங்கியது. எப்போது திரும்பப் போற என்று சாயாக்கடையில் கேட்டால் ஒருவன் எத்தனை நாளைக்குத்தான் சிரித்துச் சமாளிப்பான்? அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. அவனை எடுத்து வைக்க ஒரு இடம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் தன் பெயரில் ஒரு தொழில் நடந்துகொண்டிருப்பது அவன் கண்ணில் பட்டது.

ரோட்டோரம் ஒரு கடை பிடித்தான். ஃப்ளெக்ஸ் அடித்தான். ஃப்ளெக்ஸில் கூலிங் கிளாஸ் போட்ட பிரைட்டன், பின்னால் தீப்பொறி பறக்கும் வீடியோ கேம் பெட்டி. சர்ச்சில் இருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். ரிப்பன் வெட்டியது அவன். ரெஜிலா தட்டில் லட்டு வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் பெண்பிள்ளை உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று அவள் மேஜையைப் பிளைவுட் தட்டிக்குப் பின்னால் போட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் விஷயத்தில் நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பரிமாறுகிற இடத்தில் மட்டும் இவன் நின்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது.

“இனி அடுப்படியில வச்சு ஈயம் ஒட்டாண்டாம் அண்ணே” என்றாள் லட்டை நீட்டியபடி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இவரு வந்தாச்சுல்லா. கூட ஆம்பிள இருக்கும்ப எனக்க பேரப் போட்டா ஒருத்தனும் ஒண்ணும் பறையமாட்டான். போர்டுல இல்லாட்டியும் இன்டர்நெட்டுல அந்தப் பக்கத்துலயாவது போடணும்னு ஒரு ஆச. கேட்டிருக்கேன். பைய போடலாம்னு சொல்லியிருக்காரு.”

இவ்வளவுதான் அவள் கேட்டது. கடை வேண்டாம், காசு வேண்டாம், தான் செய்த வேலைக்குக் கீழே தன் பெயர். புருஷன் இல்லாதபோது அவன் பெயர் காவல், புருஷன் வந்துவிட்டால் தன் பெயருக்கு அவனே காவல் என்று கணக்குப் போட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு.

ஆடி மாதம் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஆதர்ஷ் ஊருக்கு வந்தான். திவசம் முடிந்த மறுநாள் பிரைட்டன் ப்ரோவை நேரில் பார்க்கக் கடைக்கு வந்தான். கையில் நேந்திரங்காய் வற்றல், இன்னொரு கையில் ஒரு பழைய பெட்டி, யாரோ நண்பனுடையது. நான் ஒரு பார்சலோடு அங்கேதான் நின்றேன். பிரைட்டனைக் கண்டதும் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான். தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லாயிருக்கு என்றான் பிரைட்டன், கணீரென்று.

ஆதர்ஷ் பெட்டியை மேஜையில் வைத்து, இதை என் கண் முன்னால் செய்யவேண்டும், எத்தனை நாளாகப் போட்டோவிலேயே பார்க்கிறேன் என்றான். ஆசையாகத்தான் கேட்டான். பிரைட்டன் நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாகத் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததில் அது நாலு ஸ்க்ரூவும் ஒரு பிளக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். உள்ளே டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவே நாடா மாதிரி ஒரு ஒயர் உண்டு. அதைப் பிடித்து இழுக்கப் போனான். குரங்கு கையில் பூமாலை என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“இழுக்காதீங்க” என்று தட்டிக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. குரலோடு ஆளும் வந்துவிட்டாள். “அதுக்குப் பூட்டு உண்டும். நகத்தால தூக்கணும், பைய.”

அவளுக்கு அப்போது முன்னால் யார் நிற்கிறார்கள் என்ற நினைவே இல்லை. அந்த நாடா கிழிந்தால் பெட்டி போயிற்று, அது ஒன்றுதான் தெரிந்தது. விரல் நகத்தால் பூட்டைத் தூக்கி, நாடாவை உருவி, டிரைவை எடுத்து ஒரு துணிமேல் வைத்தாள். ஆதர்ஷ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நகத்தால் தூக்கவேண்டும் என்று ப்ரோ தனக்கு எழுதியிருந்ததை அவன் மறக்கவில்லை போலிருக்கிறது. அவ எனக்கு ஹெல்ப் பண்ணுவா என்று பிரைட்டன் இடையில் புகுந்தான். ஆதர்ஷ் அவன் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

“அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எனக்கு மெசேஜ் போட்டது யாரு?”

பிரைட்டனுக்கு எந்த அப்பா, எந்த ஆஸ்பத்திரி என்றே தெரியாது. ரெஜிலா தலையைக் குனிந்துகொண்டாள். வேறு எதுவானாலும் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். செத்தவருடைய காரியத்தில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“நானாக்கும் அது” என்றாள்.

ஆதர்ஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினான். “அக்கா, அந்த நாள்ல என் வீட்டுல கூட ஒருத்தரும் நான் சாப்பிட்டேனான்னு கேக்கல. நீங்கதான் கேட்டீங்க. ராத்திரி உங்க மெசேஜ் வந்த பிறகுதான் கேன்டீனுக்குப் போவேன்” என்றான்.

நல்ல பையன். மனசில் உள்ளதை மறைக்கத் தெரியாத பையன். அவன் பேசப் பேச நான் பிரைட்டன் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தான். சாயா சொல்லி அனுப்பினான். ஆதர்ஷ் அவள் பெயரைக் கேட்டான், ரெஜிலா என்றாள். ரெஜிலாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. தன் வேலைக்கு அவள் வாங்கிய முதல் நன்றி அது, தன் பெயரில் நின்று வாங்கியது. ஒரு டம்ளர் சாயா ஆறுகிற நேரம் அவளுக்கு அது இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று ஆதர்ஷை நான் திட்டமுடியுமா? முடியாது. ஆனால் கெட்டது.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே பிரைட்டன் வாசலில் நின்றான். ஷேவ் பண்ணவில்லை. கையில் ரெஜிலாவின் போன். விடிய விடிய உட்கார்ந்து அத்தனையையும் வாசித்திருக்கிறான். புனே, கல்கத்தா, ஜெய்ப்பூர், எல்லாரிடமும் பேசியது. எத்தனை ஆண்பிள்ளைகள், எத்தனை வருஷம், எத்தனை சாப்பிட்டாச்சா.

“அவனுக்கு இவ மிஷின் அல்லாத வேற ஏதாவது அனுப்பியிருக்காளா அண்ணே? ஒள்ளதச் சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்தில் எடை மிஷினைத் தூக்கி எறிந்திருப்பேன், வாடகைக்கு எடுத்ததாக இல்லாமல் இருந்தால். “ஏலே, உனக்க கடைக்குச் சோறு போட்ட கைய சந்தேகப்பட்டு எங்கிட்ட விசாரிக்க வந்திருக்கியா? உனக்க பேருல்லா அது. உனக்க படமுல்லா அதுல. நீயே போட்ட மெசேஜுன்னு நெனச்சு வாசிச்சுப் பாரு, அதுல என்ன தப்பு இருக்குன்னு சொல்லு” என்றேன்.

அவன் சொன்ன பதில் எனக்கு இன்னும் கேட்கிறது. “நான் போட்டிருந்தா தப்பில்ல அண்ணே. அவ போட்டதுதான் தப்பு.”

அவன் முட்டாள் இல்லை. ஊர் எதை எப்படி வாசிக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ஆண் பெயரில் அன்பாக இருந்த அதே வரி, கீழே பெண் என்று தெரிந்ததும் வேறு வரி ஆகிவிட்டது. காவலுக்கு வைத்த பெயரே சாட்சிக்கூண்டில் ஏறி அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பெண் பெயரிலேயே எழுதியிருந்தால்கூட ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் என்று சொல்லியிருப்பார்கள். இப்போது, ஆண்பிள்ளை வேஷம் போட்டு ஆண்பிள்ளைகளோடு பேசியவள்.

ஊரானைச் சாப்பிட்டியா என்று கேட்டவள் தன்னைக் கேட்கவில்லை என்பது அவனுடைய பெரிய குறை. வீட்டில் நடந்த சண்டையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னானாம். அவன் தம்மாமில் இருந்த இத்தனை வருஷமும் தினம் போன் எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டுக் கேட்டு அது அவன் காதில் ஏறாமல் போயிருந்தது.

அருமனையில் இருந்து அவள் அம்மா வந்தாள். மகளுக்காகப் பேச வந்தாள் என்று நினைத்தேன். பெண்பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த போன் என்று கேட்டு, அதை மருமகன் கையில் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ரெஜிலாவின் குடும்பச் சமாதானத்துக்காக ஜெபமாலையில் பத்து மணி உருட்டினார்கள். என் வீட்டுக்காரியும் போயிருந்தாள். யாரும் எதுவும் தப்பாகப் பேசவில்லை, ஜெபம்தான் பண்ணினார்கள் என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆதர்ஷ் புனேக்குப் போய், அக்காவின் பெயரை அந்தப் பக்கத்தில் போடுங்கள், நான் நாலு பேருக்குச் சொல்கிறேன் என்று எழுதினானாம். பதில் எழுதியது பிரைட்டன். அவள் வேலையை விட்டுவிட்டாள், இனி என்னிடம் மட்டும் பேசவும். ஆதர்ஷ் என்னைப் போனில் கூப்பிட்டான். என்ன ஆச்சு சார், நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா என்று கேட்டான். இல்லை தம்பி என்றேன்.

கொஞ்ச நாள் பிரைட்டன் தானே வேலை செய்தான். போன பெட்டிகள் திரும்பி வந்தன. சூடேறி நின்றுபோகிறது என்று புகார். அந்தக் கூடுதல் சாமான் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் மனசில்லை. போர்டு சரியில்லை, சப்ளை சரியில்லை, கார்டு சரியில்லை. ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணல். பிறகு என்னிடம் பார்சல் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டான். வடசேரியில் வேறு ஒரு கூரியருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். ஆனால் பெட்டிகள் சூடேறுவது நின்றுவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

கார்த்திகையில், சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், என் ஆபீசுக்கு ஒரு பெட்டி வந்தது. புனேயில் இருந்து ஆதர்ஷ் அனுப்பியது. பெறுநர் இடத்தில், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ‘ரெஜிலா’ என்று இருந்தது. பிரைட்டன் இல்லை, ‘கேர் ஆஃப்’ என்று யார் பெயரும் இல்லை. வெறும் ரெஜிலா, கீழே அவன் முதலில் பெட்டி அனுப்பிய அதே வீட்டு முகவரி. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. பையன்களை அனுப்பாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். பிரைட்டன் கடையில் இருந்தான். உள்ளே அடுப்படிக்குப் பக்கத்தில் பழைய மேஜை, அதன்மேல் மூடி திறந்த பெட்டிகள், சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருந்தது. ஆக, இதுதான் விஷயம். வேலை அவளிடமே திரும்பி வந்திருந்தது. பிளைவுட் தட்டிகூட இப்போது தேவையில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் முகவரி ஒட்டியிருந்த இடத்தில் காகிதம் கிழித்த தடம் இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“கிழிச்சிட்டுத்தான் கொண்டுவருவாரு” என்றாள். “ஊரு பேரு ஒண்ணும் தெரியாண்டாமாம். இப்பம் எனக்கு மிஷின் மட்டுந்தான் தெரியும் அண்ணே. ஆருக்க மிஷினுன்னு தெரியாது.”

அதைச் சொன்னபோது அழவில்லை. கோபமும் இல்லை. பாலெல்லாம் வடிந்த பட்டை மாதிரி இருந்தாள். நான் பெட்டியை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, மேலே எழுதியிருந்ததை வாசித்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற சின்னப் பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. பெட்டியைத் தொடவில்லை.

“திருப்பி அனுப்பிருங்க அண்ணே.”

சரி, வாங்க மறுத்துவிட்டதாகப் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

“மறுத்தாச்சுன்னு போட்டா ஆளு இருக்குன்னு ஆவும். பெறவும் அனுப்புவாரு. இவரு வீட்டுல இருக்கும்ப ஒண்ணு வந்துட்டா எனக்கு இந்த மேசையும் இருக்காது.” கதவில் கையை வைத்தாள். “அப்பிடி ஒரு ஆளே இங்க இல்லன்னு போடுங்க.”

கதவைச் சாத்தினாள். நான் படியில் நின்று போனை எடுத்தேன். திருப்பி அனுப்புவதற்குக் காரணம் கேட்கிற இடத்தில் அந்த வரியும் இருக்கிறது, கம்பெனிக்காரன் எல்லாவற்றுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறான். பெறுநர் பெயர் ரெஜிலா. இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அதை அமுக்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.